ஜெயித்த பிறகு ஏன் பேச மறந்துவிடுகிறார்கள்? அமெரிக்க அதிபர்களும் மக்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையும்

கீழத்தெரு எழுதியது:

2024 டிசம்பரில், பதவி முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தபோது, ஜோ பைடன் வாஷிங்டனில் புரூக்கிங்ஸ் நிறுவனத்தில் பொருளாதாரம் பற்றிப் பேசினார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: டிரம்ப் மக்களுக்குப் போன நிவாரணக் காசோலையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார், நான் போடவில்லை, போடாதது முட்டாள்தனம். 2020-ல் ஆளுக்கு 1,200 டாலர் போனபோது காசோலையில் டிரம்ப் பெயர் அச்சாகியிருந்தது. 2021 மார்ச்சில் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தால் 1,400 டாலர் போனது, அதில் அவர் பெயர் இல்லை.

காசோலையில் பெயர் இல்லாதது எனக்கு வருத்தமில்லை. அந்தப் பணம் ஏன் வருகிறது, அதனால் விலைவாசி ஏறுமா, ஏறினால் அரசு என்ன செய்யும் என்று மனதில் பதிகிற மாதிரி உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை என்பதுதான் வருத்தம். ஓட்டுக் கேட்கும்போது இரண்டு வருடம் ஓயாமல் பேசுகிறவர்கள், ஜெயித்து ஒரு முடிவு எடுத்த பிறகு அதை விளக்கும் வேலையைக் கைவிட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றி இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்று தொடங்குகிறேன்.

இந்த வேலையை ஒருவர் ஒழுங்காகச் செய்தார், 1933-ல். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மார்ச் 4 அன்று பதவியேற்கும்போது நாட்டில் வங்கிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன, ஜனங்கள் பணத்தை எடுத்து வீட்டில் பதுக்கிக்கொண்டிருந்தார்கள். வந்ததும் எல்லா வங்கிகளையும் மூடினார். மார்ச் 12, ஞாயிறு இரவு பத்து மணிக்கு வானொலியில் பேசினார், கால் மணி நேரம்கூட முழுதாக இல்லை. அதில் என்ன சொன்னார் என்று படித்துப் பாருங்கள். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அதைக் கடனாகவும் பத்திரமாகவும் வெளியே விடுகிறது, அதனால் எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது, இதிலிருந்துதான் தொடங்கினார். அப்புறம் நாளை எந்த ஊர்களில் திறக்கும், மறுநாள் எந்த ஊர்களில், உங்கள் வங்கி முதல் நாளே திறக்காவிட்டால் ஏன் பயப்பட வேண்டாம் என்று வரிசையாகச் சொன்னார். எல்லா வங்கியும் திறக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை, சிலருக்கு நஷ்டம் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. மறுநாள் வங்கி வாசலில் ஜனங்கள் வரிசை கட்டினார்கள், இந்த முறை பணத்தைத் திரும்பப் போட. பதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.

இன்றைக்கு இந்த மாதிரி ஒரு பேச்சு ஏன் வருவதில்லை?

---

பழையகணக்கு எழுதியது:

ரூஸ்வெல்ட்டை இப்படித் தூக்கிப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று பாதிக்கு மேல் வீடுகளில் வானொலிப் பெட்டி, எல்லா நிலையத்திலும் அதிபர் குரல். கேட்க வேறு எதுவும் இல்லாத காலத்தில் எல்லோரும் கேட்டார்கள் என்பது பெரிய சாதனையா?

இன்னொன்று, நீங்கள் சொல்லாமல் விட்டது. 1942 பிப்ரவரி 19 அன்று அதே ரூஸ்வெல்ட் 9066 என்ற எண் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் இருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமுக்குப் போனார்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையெழுத்திட்டு நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 23 அன்று அவர் வானொலியில் பேசினார். ஜனங்களை உலக வரைபடத்தை எடுத்து முன்னால் விரித்து வைத்துக்கொள்ளச் சொல்லி, போர் எந்தெந்தக் கடலில் நடக்கிறது என்று பாடம் நடத்தினார். வரைபடங்கள் கடைகளில் விற்றுத் தீர்ந்தன. அந்தப் பேச்சில் முகாம் பற்றி ஒரு சொல் கிடையாது. விளக்கும் கலை தெரிந்தவர் எதை விளக்க வேண்டாம் என்றும் தெரிந்து வைத்திருப்பார்.

---

மலைச்சரிவு எழுதியது:

நான் இருப்பது பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு வடக்கே பக்ஸ் கவுண்டி, கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அதிபர் தேர்தலில் 19 தேர்வாளர் வாக்குகள் உள்ள, எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடிய ஊசலாடும் மாநிலம் என்பதால் 2024 இலையுதிர் காலத்தில் எங்கள் நிலைமை வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. தொலைக்காட்சியைப் போட்டால் விளம்பரம், யூடியூபைத் திறந்தால் விளம்பரம், தபால் பெட்டி நிறைய வழவழப்பான அட்டைகள், சனி ஞாயிறு கதவைத் தட்ட ஆட்கள். நவம்பர் முதல் வாரம் முடிந்ததும் எல்லாம் ஒரே நாளில் நின்றது. அதன் பிறகு ஒரு அட்டைகூட வரவில்லை. உங்கள் ஓட்டால் வந்த அரசு இதைச் செய்கிறது, இதனால் உங்களுக்கு இது ஆகும் என்று சொல்ல ஒருவரும் கதவைத் தட்டவில்லை. இரண்டு கட்சியையும்தான் சொல்கிறேன்.

ஆனால் கீழத்தெரு கேட்டதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 2023 ஜூன் 11, ஞாயிறு காலை. பெட்ரோல் ஏற்றி வந்த டேங்கர் லாரி ஐ-95 நெடுஞ்சாலைக்குக் கீழே கவிழ்ந்து தீப்பிடித்து, மேலே இருந்த பாலம் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் வண்டிக்கு மேல் போகிற சாலை அது, நான் வேலைக்குப் போகும் சாலையும் அதுதான். மாதக் கணக்கில் ஆகும் என்று முதலில் சொன்னார்கள். ஆளுநர் ஜோஷ் ஷபீரோ என்ன செய்தார் என்றால், பாலத்தை உடனே கட்டாமல், பள்ளத்தை மறுசுழற்சிக் கண்ணாடியில் செய்த எடை குறைந்த கற்களால் நிரப்பி அதன் மேல் தற்காலிகச் சாலை போடலாம் என்று முடிவெடுத்தார்கள், அந்த வேலையை 24 மணி நேரமும் கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். நம்ப மாட்டீர்கள், எங்கள் அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு திரையில் அதை ஓட விட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் மழை வந்து தரை காயாமல் கோடு போட முடியாத நிலை, போகோனோ கார் பந்தயத் திடலிலிருந்து ஜெட் எஞ்சின் வைத்த உலர்த்தும் வண்டியைக் கொண்டுவந்து காய வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் சாலை திறந்துவிட்டது.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் பேசியதைவிடக் காட்டியதுதான் அதிகம். அரசு என்பது ஏதோ தூரத்தில் பணத்தை விழுங்கிக்கொண்டு இருக்கிறது என்று நினைக்கிற மனிதர்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தொழிற்சங்க ஆட்கள் கல் கொட்டுவதைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

---

கீழத்தெரு எழுதியது:

பழையகணக்கு, நீங்கள் சொன்ன 1942 பிப்ரவரி விஷயம் என் வாதத்துக்கு எதிரானது இல்லை, அதை இன்னும் இறுக்குகிறது. ஒரு தலைவர் எதைப் பற்றி மக்களிடம் விளக்காமல் கடந்து போகிறாரோ அங்கேதான் அநியாயம் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆணைக்கு 1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்க வேண்டி வந்தது.

லிண்டன் ஜான்சனையும் பாருங்கள். 1964 தேர்தலில் எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் கோல்டுவாட்டரை அணுகுண்டுப் பைத்தியமாகக் காட்டி, ஒரு சிறுமி பூவிதழ் எண்ணும் விளம்பரத்தை ஒரே ஒரு முறை காசு கொடுத்து ஒளிபரப்பினார்கள், செய்திகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. ஆசியப் பையன்கள் செய்ய வேண்டியதைச் செய்ய அமெரிக்கப் பையன்களை அனுப்ப மாட்டோம் என்று அக்டோபரில் அக்ரன் நகரில் பேசினார். 44 மாநிலங்களில் ஜெயித்தார். அடுத்த ஜூலையில் வியட்நாமில் படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக்கும் முடிவு. இதைவிடப் பெரிய முடிவு ஒரு அதிபருக்கு என்ன இருக்க முடியும்? அதை எப்போது அறிவித்தார் தெரியுமா, ஊரே தொலைக்காட்சி பார்க்கும் ராத்திரி நேரத்தில் நாட்டுக்கு உரையாற்றி அல்ல, 1965 ஜூலை 28 அன்று நண்பகலில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில். தன் சமூகநலச் சட்டங்கள் காங்கிரஸில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் போரைச் சின்னதாகக் காட்டினார். முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கேரையும் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்த மனிதர் அவர், அதனால்தான் எனக்கு இது இன்னும் ஆறவில்லை. 1968 மார்ச் 31 அன்று மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவிக்கும்போது அவர் வாயிலிருந்து எது வந்தாலும் பாதி நாடு நம்பாத நிலை.

---

புதுநெல் எழுதியது:

எல்லோரும் வானொலிக் காலத்திலேயே நிற்கிறீர்கள், நான் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுக்கிறேன். 2024 அக்டோபர் 25-ல் வெளியான ஜோ ரோகன் பாட்காஸ்டில் டிரம்ப் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். எனக்கு அவர் கொள்கை எதுவும் பிடிக்காது, ஆனால் மூன்று மணி நேரம் ஒருவர் பேச உட்கார்ந்து கேட்கக் கோடிக்கணக்கானவர்கள் தயார் என்பது உண்மை. எனவே மக்களுக்குப் பொறுமை இல்லை, முப்பது விநாடிக்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று கட்சி ஆலோசகர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

அடுத்தது நியூயார்க் நகர மேயர் பதவிக்கு நின்ற ஸோஹ்ரான் மம்தானி. அவர் பேசுவதற்கு முன்னால் கேட்டார், அதுதான் எனக்குப் பிடித்தது. 2024 தேர்தல் முடிந்த கையோடு மைக்கை எடுத்துக்கொண்டு பிராங்க்ஸில் போர்டம் சாலைக்கும் குயின்ஸில் ஹில்சைடு அவென்யூவுக்கும் போய், நீங்கள் ஏன் டிரம்புக்குப் போட்டீர்கள், ஏன் ஓட்டே போடவில்லை என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கேட்டு அதை வீடியோவாகப் போட்டார். யாரையும் திருத்தவில்லை, எதிர்த்து வாதாடவில்லை. வாடகை, சாப்பாட்டு விலை, பேருந்துக் கட்டணம், இதைத்தான் ஜனங்கள் சொன்னார்கள், அவர் பிரச்சாரமும் அதுவாகவே ஆனது. தெருவோர ஹலால் வண்டியில் சாப்பாடு ஏன் பத்து டாலர் ஆனது என்று ஒரு வீடியோ போட்டார். அந்த வண்டிக்காரர்கள் நகரத்திடம் நேரடியாக அனுமதிச் சீட்டு வாங்க முடியாமல் வேறொருவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காசு தட்டில் வந்து விழுகிறது என்று காட்டினார். கீழத்தெரு சொன்ன வங்கிப் பாடத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2025 நவம்பரில் பத்து லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கி மேயராக ஜெயித்தார்.

---

பழையகணக்கு எழுதியது:

புதுநெல், அது ஜெயிப்பதற்கு முன்னால் நடந்தது. இந்த இழையின் கேள்வியே ஜெயித்ததற்குப் பின்னால் என்ன என்பது. மம்தானி வாக்குக் கொடுத்தபடி நியூயார்க்கில் வாடகை ஏறாமல் நிறுத்தி வைப்பதை மேயர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர முடியாது, வாடகை நிர்ணய வாரியம் என்று ஒன்பது பேர் கொண்ட குழு இருக்கிறது, மேயர் அவர்களை நியமிக்கலாம், அவ்வளவுதான். அதுவும் சுமார் பத்து லட்சம் கட்டுப்பாட்டு வாடகை வீடுகளுக்குத்தான், மற்றவர்களுக்கு இல்லை. அவர் சொன்ன இலவசப் பேருந்துக்கு மாநில அரசின் கை வேண்டும். இதையெல்லாம் அதே உற்சாகத்தோடு தொடர்ந்து வீடியோவில் சொன்னால் நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

---

வரலாற்றுமேசை எழுதியது:

நல்ல இழை. மக்களிடம் கசப்பான உண்மையைச் சொன்னால் தோற்றுப்போவோம் என்பதற்கு ஆதாரமாக எல்லோரும் ஜிம்மி கார்ட்டரைக் காட்டுவார்கள், யாராவது அதைக் கொண்டுவருவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

1979 ஜூலை. பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை. கார்ட்டர் ஒரு உரையை ரத்து செய்துவிட்டு, பத்து நாள் அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிடில் தங்கி, ஆளுநர்கள், மதகுருக்கள், தொழிற்சங்கக்காரர்கள், சாதாரண ஆட்கள் என்று வரவழைத்துத் தன்னைப் பற்றிய குறைகளைக் கேட்டார். ஜூலை 15 அன்று தொலைக்காட்சியில் அந்தக் குறைகளையே வாசித்துக் காட்டினார், நாட்டின் நம்பிக்கை குலைந்திருக்கிறது, நுகர்வு வாழ்க்கைக்கு அர்த்தம் தராது என்றார், எண்ணெய் இறக்குமதிக்கு உச்சவரம்பு அறிவித்தார். அந்த உரை அவரைக் கவிழ்த்தது என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருப்பது. நடந்தது வேறு. உரைக்குப் பிறகு அவர் ஆதரவு 11 புள்ளி ஏறியது, வெள்ளை மாளிகைக்குப் பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. இரண்டே நாளில் மொத்த அமைச்சரவையிடமும் ராஜினாமாக் கடிதம் கேட்டு, ஐந்து பேரை வெளியே அனுப்பினார். என்ன நடக்கிறது என்று மக்களுக்குப் புரியவில்லை, அரசாங்கமே கலைகிறது போலத் தோன்றியது, ஏறியது எல்லாம் இறங்கிவிட்டது. உரைக்கு மக்கள் செவி கொடுத்தார்கள், அதைத் தொடர்ந்த காரியம்தான் அதோடு ஒட்டவில்லை.

கசப்பைச் சொல்லியும் தாக்குப்பிடித்தவர் ரீகன். பிணைக்கைதிகளை மீட்பதற்காக ஈரானுக்கு ஆயுதம் விற்கவில்லை என்று முதலில் சொன்னவர், 1987 மார்ச் 4 அன்று வந்து, என் மனசு இன்னும் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் ஆதாரங்கள் அது உண்மையில்லை என்கின்றன என்று நேராக ஒப்புக்கொண்டார். தவறு பெரியது, நிகராகுவா கலகக்காரர்களுக்குச் சட்டத்தை மீறிப் பணம் போன கதையும் அதில் இருக்கிறது, நான் அவரை விடுவிக்கவில்லை. ஆனால் அந்த ஒப்புதல் இல்லாமல் அவருடைய கடைசி இரண்டு வருடம் இல்லை.

---

நடுப்பக்கம் எழுதியது:

தலைவர்களின் குணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களின் நேரம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்குப் பதவி இரண்டே வருடம். 2013-ல் ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு புதிய உறுப்பினர்களுக்குக் கொடுத்த மாதிரி நாள் அட்டவணை ஒன்று வெளியே வந்தது, அதில் நாளுக்கு நான்கு மணி நேரம் போனில் நன்கொடை கேட்பதற்கு ஒதுக்கியிருந்தது, தொகுதி மக்களைப் பார்க்க ஒன்றிரண்டு மணி நேரம். எதிர்க்கட்சியிலும் இதே பிழைப்புதான். உச்ச நீதிமன்றத்தின் 2010 சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு வெளிக்குழுக்கள் எல்லையில்லாமல் செலவழிக்கலாம் என்றாகிவிட்டது, அந்தப் பயத்தில் உறுப்பினர் இன்னும் கூடுதலாகப் போன் போடுகிறார்.

அப்புறம் உள்ளூர்ப் பத்திரிகை. 200-க்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இன்று ஒரு உள்ளூர்ச் செய்தி நிறுவனமும் கிடையாது. உறுப்பினர் ஊருக்கு வந்து ஒரு சட்டத்தை அழகாக விளக்கினாலும் எழுத நிருபர் இல்லை, திட்டித் தீர்த்தால் மட்டும் வாஷிங்டன் கேபிள் சேனலில் வரும். 2025 மார்ச்சில் மக்கள் கோபமாக வருகிறார்கள் என்பதால் தொகுதி மக்கள் நேரில் கேள்வி கேட்கும் டவுன் ஹால் கூட்டங்களைத் தவிர்க்கும்படி குடியரசுக் கட்சியின் பிரச்சாரக் குழுத் தலைவரே தன் உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொன்னார். பிரதிநிதி தன் மக்களைப் பார்க்கவே கூடாது என்று கட்சி சொல்கிற நிலை எனக்கு உண்மையாகவே பயம் தருகிறது.

---

கீழத்தெரு எழுதியது:

நடுப்பக்கம் சொன்னது சரி, ஆனால் நேரமும் திறமையும் குரலும் எல்லாம் இருந்தும் விட்டவர் ஒருவர் இருக்கிறார், எனக்கு அதிகம் வலிக்கும் உதாரணம் அதுதான். ஒபாமா. 2012-ல் சிபிஎஸ் பேட்டியில் அவரே சொன்னார், முதல் பதவிக்காலத்தின் தவறு, கொள்கையைச் சரியாகச் செய்தால் போதும் என்று நினைத்தது, மக்களுக்கு ஒரு கதையாகச் சொல்வதும் இந்தப் பதவியின் வேலை என்று.

ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010 மார்ச் 23 அன்று கையெழுத்திட்டார். மானியத்தோடு காப்பீடு வாங்குவது, ஏழைகளுக்கான மெடிக்கெய்டு விரிவு என்ற முக்கியமான இரண்டும் 2014 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தன. இடையில் ஏறக்குறைய நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் எதிர்ப்பவர்கள் தினமும் பேசினார்கள், கொண்டுவந்தவர்கள் அடுத்த தேர்தலுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. பேசியதிலும் ஒரு பொய் கலந்தது, உங்கள் காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று. 2013 இலையுதிர் காலத்தில் பல லட்சம் பேருக்குக் காப்பீடு ரத்துக் கடிதம் வந்தது, நவம்பரில் மன்னிப்புக் கேட்டார். கசப்பான உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால், தரமில்லாத சில காப்பீடுகள் போகும், அதற்குப் பதில் நோய் இருக்கிறது என்று சொல்லி உங்களை யாரும் ஒதுக்க முடியாது என்று சொல்லியிருந்தால், கேட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

கென்டக்கியில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் அதே சட்டத்தைக் கைனெக்ட் என்ற மாநிலப் பெயரில் நடத்தினார். ஆட்கள் மாநிலக் கண்காட்சியில் கடை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சேர்த்தார்கள். 2014-ல் எடுத்த கருத்துக்கணிப்பில் அந்த மாநிலத்தில் ஒபாமாகேரைப் பிடிக்கவில்லை என்றவர்கள் 57 சதவீதம், கைனெக்டைப் பிடிக்கவில்லை என்றவர்கள் 22 சதவீதம். இரண்டும் ஒன்றுதான்!

---

மலைச்சரிவு எழுதியது:

கீழத்தெரு, இதில் எனக்கு ஒரு சந்தேகம். பெயரை மறைத்ததால்தானே அங்கே எடுபட்டது? ஜனங்கள் பலன் அடைந்தார்கள், யார் கொடுத்தது என்று தெரியவில்லை, 2015-ல் அதைக் கலைப்பேன் என்று சொன்ன மாட் பெவின் ஆளுநராக ஜெயித்தார், கலைத்தும் விட்டார். பாலத்தைக் கேமராவில் காட்டலாம். காப்பீட்டை எப்படிக் காட்டுவது?

---

கீழத்தெரு எழுதியது:

காட்டினார்கள், 2017-ல். ஆனால் காட்டியது தலைவர்கள் இல்லை. சட்டத்தை ரத்து செய்ய குடியரசுக் கட்சி முயன்றபோது, புற்றுநோய்க்காரர்களும் ஊனமுள்ள பிள்ளைகளின் அம்மாக்களும் டவுன் ஹால் கூட்டங்களில் எழுந்து, இந்தச் சட்டம் இல்லாவிட்டால் நான் இன்று இங்கே இல்லை என்று தங்கள் உறுப்பினர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஏழு வருடத்தில் எந்த அரசியல்வாதியும் செய்யாத விளக்கம் அது. அந்த ஜூலையில் செனட்டில் அதே கட்சியின் ஜான் மெக்கெய்ன் கட்டை விரலைக் கீழே காட்ட, ரத்து மசோதா 49க்கு 51 என்று தோற்றது.

கென்டக்கி கதை பெவினோடு முடியவில்லை. 2019-ல் அவரைத் தோற்கடித்தவர் ஸ்டீவ் பெஷியரின் மகன் ஆண்டி பெஷியர், ஐந்தாயிரம் ஓட்டுச் சொச்ச வித்தியாசத்தில். கைனெக்டைத் திரும்பக் கொண்டுவந்தார். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேமரா முன்னால் வந்து நின்றார். இன்று இத்தனை பேர் இறந்தார்கள், இன்று இந்தக் கட்டுப்பாடு, காரணம் இது, எங்களுக்கு இன்னும் தெரியாதது இது என்று. எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், அவர் உருவபொம்மையைச் சட்டமன்ற வளாகத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள், சட்டமன்றம் அவர் அவசர அதிகாரங்களை வெட்டியது. 2020-ல் டிரம்ப் 25 புள்ளிக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம் அது. 2023-ல் பெஷியர் மறுபடி நின்றார், ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.